மைனஸ் மூன்று கிலோ ஆலிவ்

அத்தியாயம் 7

"இந்த நாட்டுல ஒரு ஆள் வருஷத்துக்கு எத்தனை கிலோ ஆலிவ் சாப்பிடறான், தெரியுமா?" என்று கேட்டாள் கிளேலியா.

பந்தெலிஸ் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் யோசித்தான். "என்னைச் சேர்த்தா, சேர்க்காமலா?"

"உன்னைச் சேர்த்துத்தான்."

"அப்ப பதினஞ்சு கிலோவுக்குக் குறையாது மேடம்."

"மைனஸ் மூணு."

பழைய மெர்சிடிஸ் டாக்ஸி ஒரு குலுங்கு குலுங்கி மறுபடி நேரானது. சைப்ரஸ் மலைப்பாதையில் இந்த மாதிரிச் செய்தியையெல்லாம் வளைவில் வைத்துச் சொல்லக் கூடாது.

"மைனஸா? அப்ப நாம யாரும் சாப்பிடலே. வாயிலேர்ந்து எடுத்து ஜாடியில போட்டுக்கிட்டிருக்கோம்."

"உணவுக் கணக்கு வாரியத்தோட புள்ளிவிவரம் அப்படித்தான் சொல்லுது. எவ்வளவு விளைஞ்சதுன்னு விவசாயி வாயால சொல்றான். எவ்வளவு கப்பல்ல ஏறிச்சுன்னு துறைமுகத்துத் தராசு சொல்லுது. விளைஞ்சதுல ஏத்தினதைக் கழிச்சா மிச்சம் நாம தின்னது. இந்த வருஷம் விளைஞ்சதைவிட ஏத்தினது ஜாஸ்தி. தலைக்கு மூணு கிலோ துண்டு விழுது."

"கைக்குழந்தைக்குமா?"

"தொட்டில்ல கிடக்கறதுக்கும்தான்."

"பாவம். பல்லே முளைக்கலே, அதுக்குள்ள இந்த அநியாயம்."

சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரமாக இருந்திருந்தால் பந்தெலிஸ் அன்றைக்கு நிகோசியாவில் நிம்மதியாகத் தூங்கியிருப்பான். ஆனால் வாரியத்தின் தலைமை அதிகாரி பொலிவியோஸ் சிரிக்கவில்லை. அவர் லண்டனில் படித்தவர். விளையாத காய் கப்பலேறாது, ஆகவே எவனோ வெளிநாட்டு மலிவுக் காயைத் திருட்டுத்தனமாக இறக்கி, நம் நாட்டு முத்திரை குத்தி அனுப்புகிறான் என்று முடிவு கட்டிவிட்டார். நாட்டிலேயே அதிகமாக ஆலிவ் ஏற்றுமதி செய்கிறவன் யார்? மவ்ரோலியா கிராமத்து யாகோவோஸ். அப்ப அவன்தான் திருடன். கணக்குப் படித்தவர்களுக்குத்தான் எல்லாம் எத்தனை சுலபமாக முடிந்துவிடுகிறது!

யாகோவோஸின் பீப்பாய்கள் லிமசோல் துறைமுகத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. லண்டனில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்குக் கிறிஸ்துமஸுக்குப் போக வேண்டிய சரக்கு. கப்பல் இன்று மாலை ஆறு மணிக்குக் கிளம்புகிறது. அதற்குள் குற்றமில்லை என்று ஆகாவிட்டால் சரக்கும் போச்சு, யாகோவோஸ் உள்ளேயும் போக வேண்டியதுதான். நேற்று அவன் மனைவி அந்திரியானி மூன்று பஸ் மாறி கிளேலியாவின் துப்பறியும் ஆபீசுக்கு வந்தாள். அழவில்லை.

"என் வீட்டுக்காரரு கோழைம்மா. கள்ளக்கடத்தல் பண்ற தைரியம் அவருக்கு இருந்திருந்தா நானே மெச்சியிருப்பேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே கிளேலியா கேஸை எடுத்துக்கொண்டாள். சுங்கத்துறையில் பல வருஷம் மூட்டைகளை மோந்து பார்த்தவள் அவள். மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பாள்.

"சாட்சி என்ன வச்சிருக்காரு அந்த லண்டன் படிப்பு?" என்று கேட்டான் பந்தெலிஸ்.

"ஒரே ஒண்ணு. அறுவடை சமயத்துல விடியறதுக்கு முன்னால யாகோவோஸ் கிடங்குக்குப் பிக்கப் வண்டிங்க வருமாம். மேல வைக்கோல், அடியில ஆலிவ். ஊர் போலீஸ்காரர் கண்ணால பார்த்திருக்கார். நேர்மையான சரக்கை எவன் வைக்கோல் போட்டு மூடுவான்னு கேக்கறார் பொலிவியோஸ்."

"நல்ல கேள்விதான்."

"நல்ல கேள்விதான். எனக்கும் பதில் தெரியலே" என்றாள் கிளேலியா எரிச்சலோடு. பதில் தெரியாத கேள்வியோடு ஒரு ஊருக்குள் நுழைவது அவளுக்கு அறவே பிடிக்காது.

மவ்ரோலியாவில் லாக்கப் கிடையாது. அதனால் யாகோவோஸைக் காப்பிக்கடையில் காவலில் வைத்திருந்தார்கள். குட்டையான, வேர்த்து வழிகிற மனுஷன். காவல் காக்கிற போலீஸ்காரரோடு தாயக்கட்டை உருட்டி, காய் நகர்த்தி, தாவ்லி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தான். கைதிதான் தோற்றுக்கொண்டிருந்தான். மரியாதை தெரிந்தவன்.

கிளேலியா உள்ளே போய் உட்கார்ந்ததும் தாயக்கட்டை நின்றது. அந்த ஊர்க் காப்பிக்கடையில் பொம்பளைகள் கால் வைப்பதில்லை. அவள் அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

"வைக்கோல் போட்டு மூடி யாரு கொண்டு வந்தாங்க?"

"எல்லாரும்தான்" என்றான் யாகோவோஸ்.

"எதுக்கு மூடணும்?"

அவன் பேந்தப் பேந்த விழித்தான். எதுக்குக் கால்சட்டை போடுறீங்க என்று கேட்டிருந்தால்கூட அப்படி விழித்திருக்க மாட்டான். "மூடாம எப்படிம்மா கொண்டு வர்றது?"

"யோவ், அதைத்தான்யா அவங்க கேக்கறாங்க" என்றான் பந்தெலிஸ்.

"அதான் சொல்றேனே தம்பி. மூடித்தான் கொண்டு வரணும்."

இவனிடம் முட்டிக்கொள்வதில் பிரயோஜனமில்லை என்று கிளேலியா எழுந்தாள். "இந்த வருஷம் முதல்ல வந்த வண்டி யாரோடது?"

"எவாந்தியாவோடது. தேவாலயத்துக்குப் பின்னால வீடு."

எவாந்தியாவுக்கு நாற்பது வயதிருக்கும். கைகளில் ஆலிவ் கறை, வாயில் ஓயாத பேச்சு. வந்தவர்கள் யார் எவர் என்று கேட்பதற்கு முன்பே காப்பி வந்துவிட்டது. கூடவே ஒரு தட்டு நிறைய, கல்லால் தட்டி உடைத்துப் பூண்டும் கொத்தமல்லி விதையும் எண்ணெயும் போட்டுப் பிசறிய பச்சை ஆலிவ். பந்தெலிஸ் நாட்டின் மைனஸைத் தன்னால் முடிந்தவரை சரிக்கட்ட ஆரம்பித்தான்.

"இந்த வருஷம் விளைச்சல் எப்படிம்மா?" என்றாள் கிளேலியா.

"அதை ஏன் கேக்கறீங்க! ஒண்ணுமே இல்லே. கண்ணீர்தான் விட்டேன்."

"போன வருஷம்?"

"போன வருஷம் இதைவிட மோசம்."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அந்த வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க."

பந்தெலிஸ் மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். சமையலறைச் சுவரோரம் இடுப்பு உயர ஜாடிகள், மூடி போட்டு, இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. "மேடம்" என்று கிசுகிசுத்தான். "விளையாத ஆலிவை வைக்கவே இவங்களுக்கு வீடு பத்தலே."

காலை நீட்டலாம் என்று ஆலிவ் தட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனான். எண்ணெய்க்கென்று விட்டு வைத்திருந்த ஒரு மரத்தில் கறுப்புக் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. பார்த்ததும் அவன் வாய் சும்மா இருக்குமா?

"அம்மாடியோவ்! என்னா காய்ப்பு! கிளையே ஒடிஞ்சிடும் போலிருக்கே!"

உள்ளேயிருந்து ஓர் அலறல் கேட்டது. எவாந்தியா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்தாள். "வாயைக் கழுவுடா பாவி!" தூ, தூ, தூ என்று மரத்தைப் பார்த்து மூன்று தரம் துப்பினாள். அப்புறம் பந்தெலிஸைப் பார்த்தும் துப்பினாள். விறுவிறுவென்று உள்ளே போய்த் தூபக்காலைக் கொண்டு வந்து, கோயிலில் மந்திரித்த ஆலிவ் இலையைத் தணலில் போட்டு, மரத்தைச் சுற்றிச் சுற்றிப் புகை காட்டினாள். எதற்கும் இருக்கட்டும் என்று பந்தெலிஸ் தலையையும் சுற்றினாள்.

"மேடம்" என்றான் அவன் இருமிக்கொண்டே. "அரை நிமிஷத்துல பாவியாவும் ஆக்கிப் புனிதராவும் ஆக்கிட்டாங்க."

பின்னாலேயே வந்திருந்த கிளேலியா சிரிக்கவில்லை. மூக்கைச் சுருக்கி அந்தப் புகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மோப்பம் கிடைத்துவிட்டது என்று பந்தெலிஸுக்குப் புரிந்தது.

"கண்ணு பட்டுடும்னு பயமா எவாந்தியா?"

"பின்னே? நல்லா காய்ச்ச மரத்தைப் பார்த்து நல்லா காய்ச்சிருக்குன்னு சொல்லுவாங்களா யாராவது? போன மாசம்தான் ஒருத்தி என் எலுமிச்சையை அழகுன்னா. ஞாயித்துக்கிழமைக்குள்ள காஞ்சு போச்சு."

"அப்ப வண்டியில வைக்கோல்?"

"எதிர்வீட்டு ரோதுவுக்காகத்தான். அவ கண்ணு பட்டா இரும்புக் கதவே விரிசல் விடும்."

"வாரியத்து ஆள் வந்து எவ்வளவு விளைஞ்சதுன்னு கேட்டானே, அவன்கிட்ட உண்மையைச் சொன்னியா?"

"அவன் நடுத்தெருவுல நின்னுக்கிட்டுக் கத்திக் கேக்கறான்மா! நாலு பேர் காதுல விழற மாதிரி என்னத்தைச் சொல்றது? ஒண்ணுமில்லேன்னேன்."

கிளேலியா பந்தெலிஸின் தட்டிலிருந்து ஓர் ஆலிவை எடுத்து வாயில் போட்டு நிதானமாகச் சப்பினாள். கொட்டையைத் துப்பினாள். பிறகு இத்தனை மாசமாக வாரியம் கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

"ரோதுவுக்கு எவ்வளவு விளைஞ்சது?"

எவாந்தியாவின் முகம் மலர்ந்தது. "ரோதுவுக்கா? முப்பத்தாறு மூட்டை! அதுல ரெண்டு மூட்டையைக் கழுதைமேல படுக்க வச்சு, கம்பளி போர்த்தி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி கொண்டு போனா. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு."

"அந்தப் பக்கம் தேவாலயம் வரைக்கும் யாரோடது?"

"முக்தாரோடது. நாப்பது மூட்டை. ஊர்த் தலைவரு இல்லையா, ராத்திரியோட ராத்திரியா முடிச்சுட்டாரு. இந்தக் கோடியில வேலி போட்டிருக்கு பாருங்க, அது மட்டும் மண்ணு என்னோடது, மரங்க வேற ஆளோடது. என் சித்தி பொண்ணுக்குச் சீதனமா போன மரங்க. மாப்பிள்ளை பட்டணத்துல பெரிய உத்தியோகம். தலையில துண்டைக் கட்டிக்கிட்டு அவரே வந்து பறிச்சுட்டுப் போவாரு. பதினெட்டு மூட்டை."

பந்தெலிஸின் கவனம் தட்டில் கடைசியாக இருந்த ஆலிவில் இருந்தது. கிளேலியாவின் கவனம் அந்த வேலியில் இருந்தது.

எதிர்வீட்டு ரோது எவாந்தியாவுக்கு நேர் எதிர். மெலிந்த உடம்பு, குசுகுசுப்பான குரல். தனக்கு விளைந்தது சுத்தமாக ஒன்றுமில்லை என்றாள். கடவுள் சாட்சியாக ஒன்றுமில்லை. எவாந்தியாவுக்கு?

"நாப்பத்தொண்ணு" என்றாள் ரோது, கேள்வி முடிவதற்குள். "வைக்கோல் போட்டு மூடினா மட்டும்? சக்கரம் எவ்வளவு அழுந்துதுன்னு எனக்குப் பார்க்கத் தெரியாதா?"

வாசலுக்கு வந்ததும் பந்தெலிஸ் நெற்றியில் அறைந்துகொண்டான். "மேடம், இது பெரிய ஊர் மேடம்! தன் மரம் எவ்வளவு காய்ச்சதுன்னு இங்க ஒருத்தனுக்கும் தெரியாது. பக்கத்து மரம் காய்ச்சது மட்டும் மூட்டை சுத்தமா தெரியும்!"

"நட, நட. மத்த வீட்டையும் பார்த்துடலாம்."

வீடு வீடாக ஏறினார்கள். யாரிடமும் அவர்கள் மரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டைப் பற்றி மட்டும் கேட்டார்கள். கதவைத் திறக்கவே யோசித்தவர்கள்கூட உட்கார வைத்துக் காப்பி கொடுத்துச் சொன்னார்கள். ஒரு கிழவர் தன் சம்பந்தி வீட்டு விளைச்சலைச் சொல்லும்போது பொறாமையில் அழுதேவிட்டார். ஒரு வீட்டில் மட்டும் கிளேலியா சமையலறைக்குள் போய், வேலி போட்ட மரக்காரர் பேர் என்ன என்று தனியாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது யாகோவோஸின் பீப்பாய்கள் அத்தனையும் நிரம்பி, ஊர்ச் சமையலறை ஜாடிகளுக்கும் தாராளமாக மிச்சம் இருந்தது. வெளிநாட்டுக் காய் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

பந்தெலிஸ் விசிலடித்துக்கொண்டே காப்பிக்கடைக்குத் திரும்பினான். கேஸ் முடிந்தது என்றே நினைத்தான்.

பொலிவியோஸ் சர்க்கார் காரில் வந்து இறங்கியிருந்தார். சாம்பல் நிறக் கோட்டு, மெல்லிய கண்ணாடி, சர்க்கரை போடாத காப்பி. உள்ளே ஆண்கள் கூடியிருந்தார்கள். பெண்கள் வெளியே தெருவில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கிளேலியா சொன்னதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க கொண்டு வந்திருக்கறது வம்பு. வம்பு புள்ளிவிவரம் ஆகாது. உடைமைக்காரர் தன் மரத்து விளைச்சலைத் தன் வாயால சொல்லணும். வாரியத்தோட விதி அது."

"சொல்லுவாங்க" என்றாள் கிளேலியா. ஊரைப் பார்த்துத் திரும்பினாள். "உங்க வீட்டுக் காயைத்தான் இவரு வாங்கி ஏத்தினாரு. உண்மையைச் சொன்னா இவரு தப்பிப்பாரு. யாரு முதல்ல?"

நாற்காலிகள் கிறீச்சிட்டன. முக்தார் கூரையில் ஏதோ ஒழுகுகிற மாதிரி அண்ணாந்து பார்த்தார். "ஒண்ணுமே விளையலியே" என்றார் ஒருவர் தீனமாக. "எங்களுக்கும்தான்" என்றது ஜன்னல்.

பந்தெலிஸுக்கு ரத்தம் கொதித்தது. ஒரு மனுஷன் ஜெயிலுக்குப் போகிறான், இவர்களுக்குக் கண்ணு பட்டுவிடுமாம்! சுவர்க் கடிகாரம் நாலரையைத் தாண்டியிருந்தது.

"யாகோவோஸ், நீங்களே ஆரம்பிங்க" என்றாள் கிளேலியா. "உங்க சொந்த மரத்துல எவ்வளவு?"

யாகோவோஸ் எழுந்தான். ஊரைப் பார்த்தான். முக்தாரைப் பார்த்தான். பக்கத்துத் தோட்டக்காரனைப் பார்த்தான். எச்சிலை விழுங்கினான்.

"ஏதோ... சுமார்தான்" என்றான்.

"யோவ்!" பந்தெலிஸ் மேசையைக் குத்தினான். "ஜெயிலுக்குப் போறது யாருய்யா? நீயா, நானா?"

"அதுக்காக, இத்தனை பேருக்கு முன்னால எப்படித் தம்பி..."

அப்போதுதான் அந்திரியானி உள்ளே வந்தாள். கடை வாசற்படியை உள்ளூர்ப் பெண் எவளும் தாண்டி ஊர் பார்த்ததில்லை. அவள் தாண்டினாள், கடை நடுவில் வந்து நின்றாள்.

"ஐம்பத்திரண்டு மூட்டை!" என்று கத்தினாள். "எல்லாருக்கும் கேட்டுதா? ஐம்பத்திரண்டு! எங்க மரம் இந்த மாதிரி என்னைக்குமே காய்ச்சதில்லே! எவன் கண்ணு வேணா படட்டும், எவ வேணா வயிறெரியட்டும். மரம் பட்டுப் போனா இன்னொண்ணு நட்டுக்குவேன். இவரு போனா நான் யாரைக் கொண்டு வந்து நடறது?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. நேற்று அழாதவள் இப்போது அழுதாள். பந்தெலிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எவாந்தியா காட்டிய புகையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் அவளுக்காக அவசர அவசரமாகத் துப்பினார்கள். நல்ல மனசுக்காரர்கள்தான். ஆனால் தங்கள் கணக்கைச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை.

பொலிவியோஸ் தொண்டையைச் செருமினார். "இது ஒரு வீட்டுக் கணக்கு. ஒரு வீட்டை வச்சு..."

"இன்னொரு வீடு இருக்கே" என்றாள் கிளேலியா. "தேவாலயத்துக்குப் பின்னால, எவாந்தியா மண்ணுல, வேலி போட்ட சீதன மரங்கள். உங்க வீட்டம்மாவுக்கு வந்ததுதானே? நீங்களும் இந்த ஊர்ல ஒரு உடைமைக்காரர்தான் ஐயா. உங்க வாயாலேயே சொல்லுங்க. இந்த வருஷம் எவ்வளவு?"

பந்தெலிஸ் திகைத்துப் போய்த் திரும்பினான். பட்டணத்து மாப்பிள்ளை! தட்டிலிருந்த கடைசி ஆலிவுக்கு ஆசைப்பட்டு எதைக் கோட்டை விட்டிருக்கிறான்!

பொலிவியோஸின் வலது கை தானாகக் கோட்டுப் பாக்கெட்டுக்குள் போனது. கண்கள் ஒரு கணம் ஊரைச் சுற்றி வந்தன.

"அது... இந்த வருஷம் பெரிசா ஒண்ணுமில்லே" என்றார். "கூடை, ரெண்டு கூடை இருக்கும்."

"பதினெட்டு மூட்டை!" ஜன்னலில் எவாந்தியா குதித்தாள். "என் மண்ணுல நிக்கற மரம் மச்சான்! என்கிட்டயேவா?"

தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. முகம் சிவந்தது, காது சிவந்தது.

"பாக்கெட்டுல எதைப் பிடிச்சுக்கிட்டிருக்கீங்க?" என்றாள் கிளேலியா, மெதுவாக, ஏறக்குறைய அன்பாக.

கை வெளியே வந்தது. உள்ளங்கையில் ஒரு நீலக் கண்ணாடிமணி, திருஷ்டிக்குக் கட்டுகிற நீலக் கண். லண்டனுக்கும் போய் வந்த மணியாக இருக்க வேண்டும். நன்றாகத் தேய்ந்திருந்தது.

"வாரியத்துக்கும் ரெண்டு கூடைன்னுதான் சொல்லியிருப்பீங்க, இல்லே?"

அவர் மணியை மறுபடி பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

"கணக்கு எடுக்கறவரே இப்படின்னா, நாடு பூரா ஊருக்கு ஊர் எத்தனை ரெண்டு கூடை? மைனஸ் மூணு கிலோ எங்கேயிருந்து வந்துதுன்னு இன்னும் நான் சொல்லணுமா?"

பொலிவியோஸ் எழுந்து மூலையிலிருந்த டெலிபோனுக்குப் போனார். ஊருக்கே அது ஒன்றுதான். லிமசோல் துறைமுகத்தைக் கூப்பிட்டார். "யாகோவோஸ் பீப்பாய்களை விட்டுடுங்க. ஆமா, எல்லாத்தையும். ஆமா, கப்பல்ல ஏத்தலாம்" என்று வறண்ட குரலில் சொல்லிவிட்டு வைத்தார்.

கடை அதிர்ந்தது. போலீஸ்காரர் யாகோவோஸைக் கட்டிப்பிடித்தார். யாரோ ஸிவானியா சாராய பாட்டிலைத் திறந்தார்கள். பெண்கள் ஜன்னலை விட்டு ஓடி வந்து அந்திரியானியைத் தெருவுக்கு இழுத்துப் போனார்கள். கிளேலியாவும் அவர்களோடு போனாள். பந்தெலிஸ் ஒரு கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு டெலிபோன் மூலையில் சுவரில் சாய்ந்து நின்றான்.

விடுதலையான மனுஷன் பெண்டாட்டியைத் தேடிப் போவான் என்றுதான் அவன் நினைத்தான். யாகோவோஸ் நேராகப் பொலிவியோஸிடம் வந்தான். கைகளைப் பிசைந்தான்.

"ஐயா, ரொம்பப் புண்ணியம். மறக்க மாட்டேன்." குரலைத் தாழ்த்தினான். "அந்த ஐம்பத்திரண்டு... அவ ஏதோ வேகத்துல சொல்லிட்டா. கணக்குல ஏத்தறப்ப மட்டும் கொஞ்சம் பார்த்து..."

பொலிவியோஸ் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். ஜன்னலில் யாரும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டார். பிறகு யாகோவோஸின் காதருகே குனிந்தார்.

"எவ்வளவுன்னு போடட்டும்?"